விர்ச்சுவல் மெஷினை கமாண்ட் லைனிலேயே பூட்டித் திறப்பது எப்படி? (திருப்பூரிலிருந்து ஒரு சந்தேகம்)

நூல்கண்டு, திருப்பூர் | திங்கள் இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கமுங்க. பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் என் தலையில்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் நின்றாலும் என்னைத்தான். குடோனுக்குப் பக்கத்து அறையில் உபுண்டு லினக்ஸ் போட்ட பெட்டி ஒன்று இருக்கிறது. மானிட்டர் கிடையாது, எஸ்எஸ்எச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க்கில் கமாண்ட் அடிக்கும் வழி) மூலம்தான் உள்ளே போவேன். அதில் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 (ஒரே பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள்), அதற்குள் ஐந்து விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின். கணக்கு ஒன்று, சம்பளம் ஒன்று, மீதி மூன்றும் சில்லறை வேலைக்கு.

போன வாரம் வெளிநாட்டு பையர் தரப்பில் ஆடிட்டுக்கு வந்திருந்தார்கள். மாதம் ஒருமுறை விஎம் டிஸ்க் ஃபைல்களை ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து கோவை ஆபீசுக்கு அனுப்புவோம். பையன் பஸ்ஸில் கொண்டு போவான். ஆடிட்டர் அதைக் கேட்டுவிட்டு, "பஸ்ஸில் தொலைந்தால்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சம்பள விஎம்மில் தொழிலாளிகளின் ஆதார் நகல், பேங்க் கணக்கு எண் எல்லாமே இருக்கிறது. 30 நாள் கொடுத்திருக்கிறார்கள்.

விஎம் டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யவும் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டவும்), வேண்டும்போது பழையபடி திறக்கவும் ஜன்னல் எதுவும் இல்லாமல் கமாண்டிலேயே வழி இருக்கிறதா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

காந்திபுரத்தான், கோவை | திங்கள் இரவு 10:15

இருக்கிறது தம்பி. டிஸ்க் என்க்ரிப்ஷன் 2015-ல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 5.0-லிருந்தே உண்டு. அதன் கூடுதல் தொகுப்பான எக்ஸ்டென்ஷன் பேக் போட்டிருக்க வேண்டும், அது இல்லாமல் வேலை செய்யாது. முதலில் விஎம்மை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். சேவ் ஸ்டேட்டில் (ஓடிய நிலையை அப்படியே சேமித்து) நிறுத்தி வைத்தது கணக்கில் வராது. பிறகு:

விபாக்ஸ்மேனேஜ் என்க்ரிப்ட்மீடியம் சம்பளம்.விடிஐ --நியூபாஸ்வேர்டு - --சைஃபர் ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ்256-ப்ளைன்64 --நியூபாஸ்வேர்டுஐடி சம்பளம்1

(விடிஐ என்பது விஎம்மின் டிஸ்க் ஃபைல், சைஃபர் என்பது பூட்டும் முறை. உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். யோசிக்காமல் காப்பி பேஸ்ட் செய்கிறவர்களுக்கு இது ஒரு தடுப்பாகவும் இருக்கட்டும்.)

நியூபாஸ்வேர்டுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் அந்தச் சின்னக் கோட்டை விட்டுவிடாதீர்கள். பாஸ்வேர்டை உங்களிடம் நேரில் கேட்கச் சொல்வது அதுதான். அந்த இடத்தில் ஃபைல் பெயரும் கொடுக்கலாம், ஆனால் அந்த ஃபைல் அங்கேயே கிடந்துவிடும், நாமும் மறந்துவிடுவோம்.

திறக்க அதே கமாண்டில் --ஓல்டுபாஸ்வேர்டு மட்டும் போதும். புதியது எதுவும் கொடுக்காவிட்டால் டிஸ்க் பழையபடி வெறும் டிஸ்க் ஆகிவிடும். இரண்டையும் கொடுத்தால் பாஸ்வேர்டு மாறும். பாஸ்வேர்டு சரிதானா என்று மட்டும் பார்க்க செக்மீடியம்பிடபிள்யூடி என்று தனிக் கமாண்டு உண்டு.

பூட்டிய விஎம்மை ஹெட்லெஸ்ஸாக (திரை இல்லாமல்) கிளப்பினால், கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம்) டிஸ்க்கைத் தொடப் போகும்போது அப்படியே இடையில் நிற்கும். தொங்கிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். விபாக்ஸ்மேனேஜ் கன்ட்ரோல்விஎம், விஎம் பெயர், ஆட்என்க்பாஸ்வேர்டு, மேலே கொடுத்த ஐடி, கடைசியில் அதே சின்னக் கோடு என்று கொடுத்து, கேட்கும்போது பாஸ்வேர்டை அடித்தால் நகரும். இரண்டு டிஸ்க்குக்கு இரண்டு ஐடி என்றால் இரண்டும் வந்து சேர வேண்டும்.

டிஸ்க்கை மட்டும் பூட்டினால் செட்டிங்ஸ், லாக், சேவ்டு ஸ்டேட் எல்லாம் திறந்தே கிடக்கும். அவற்றையும் பூட்ட 2022-ல் 7.0 வந்தபோது என்க்ரிப்ட்விஎம் என்று ஒரு கமாண்டு கொடுத்தார்கள். அது வந்த சமயத்தில் கமாண்ட் லைனில் மட்டும்தான் இருந்தது, மவுஸ் பிடிப்பவர்களுக்குக் கிடைக்கவில்லை. நமக்குச் சந்தோஷம்தான்.

மஞ்சள்மண்டி, ஈரோடு | திங்கள் இரவு 11:03

நூல்கண்டு, கை வைப்பதற்கு முன் என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான்கு வருடத்துக்கு முன் எங்கள் கடையில் இதே கமாண்டில் பில்லிங் விஎம்மைப் பூட்டினேன். எல்லாம் அருமையாக ஓடியது. தினமும் இரவு விடிஐ ஃபைலை வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்ய ஒரு ஸ்கிரிப்ட். ஒருநாள் சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்ச் சேர்ந்தது. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாக வேறு மெஷினில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, புது விஎம் உருவாக்கி, அந்த விடிஐயை மாட்டினேன். பாஸ்வேர்டே கேட்கவில்லை. பூட் ஆகவும் இல்லை.

பாஸ்வேர்டு எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் டிஸ்க்கைப் பூட்டுவது நம் பாஸ்வேர்டு இல்லை. உள்ளே வேறொரு சாவி இருக்கிறது, நம் பாஸ்வேர்டு அந்தச் சாவியைப் பூட்டி வைக்கும் பெட்டிக்கு மட்டும்தான். அந்தப் பெட்டி விடிஐ ஃபைலுக்குள் இல்லை. விஎம் போல்டரில் விபாக்ஸ் என்று முடியும் செட்டிங்ஸ் ஃபைல் ஒன்று இருக்கும், பத்துப் பதினைந்து கேபி தேறும், அதற்குள் இருக்கிறது. எடிட்டரில் திறந்து பாருங்கள், கிரிப்ட்/கீஸ்டோர் என்று ஒரு வரியும் அதற்குப் பக்கத்தில் ஒரு முழத்துக்கு எழுத்தும் இருக்கும். என் ஸ்கிரிப்ட் 80 ஜிபி ஃபைலைத் தினமும் ஒழுங்காக காப்பி செய்தது, அந்தப் பத்து கேபியை ஒருநாளும் தொடவில்லை.

மேனுவலில் இது தெளிவாகவே போட்டிருக்கிறது. அந்த ஃபைல் போனால் டேட்டா மீளாது என்று. எல்லாம் முடிந்த பிறகுதான் நான் படித்தேன். இரண்டு வருட பில்களை காகித நகலிலிருந்து மறுபடி ஏற்றினோம். என் மனைவியும் உட்கார்ந்து அடித்தாள். இன்றைக்கும் வீட்டில் பேக்கப் என்ற வார்த்தையைச் சொன்னால் ஒரு பார்வை பார்ப்பாள்.

நூல்கண்டு, திருப்பூர் | செவ்வாய் காலை 8:20

அண்ணா, வயிறு கலங்கிவிட்டது. இப்போதுதான் என் ஸ்கிரிப்டைப் பார்த்தேன். அதுவும் *.விடிஐ மட்டும்தான். நல்லவேளை, இன்னும் எதையும் பூட்டவில்லை.

தறிக்கட்டை, கரூர் | செவ்வாய் காலை 10:48

வேறு ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த எக்ஸ்டென்ஷன் பேக்கைக் கம்பெனியில் போட லைசென்ஸ் வாங்கியிருக்கிறீர்களா? விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம் சரி. எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம், வியாபாரத்துக்கு ஆரக்கிளிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆடிட்டருக்குப் பயந்து பூட்டப் போய், அடுத்த ஆடிட்டில் லைசென்ஸ் எங்கே என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?

நீங்கள் இருப்பது உபுண்டு. கேவிஎம்முக்கு (லினக்ஸிலேயே இருக்கும் விஎம் வசதி, க்யூஇஎம்யு என்ற மென்பொருளோடு சேர்ந்து ஓடும்) மாறிவிடுங்கள், செலவு கிடையாது. அங்கே க்யூகவ்2 என்ற அதன் டிஸ்க் ஃபைலுக்குள்ளேயே லக்ஸ் என்ற லினக்ஸ் பூட்டு முறையில் பூட்டலாம், க்யூஇஎம்யு 2.10-லிருந்து உண்டு. மஞ்சள்மண்டி அண்ணனுக்கு நடந்தது இங்கே நடக்காது, ஏனென்றால் லக்ஸ் ஹெடர் அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க் போகும் இடத்துக்குச் சாவிப் பெட்டியும் கூடவே போகும். பழைய கட்டுரைகளில் என்க்ரிப்ஷன்=ஆன் என்று ஒரு வழி போட்டிருப்பார்கள். அது பழைய, ஓட்டையான முறை. அதைத் தொட வேண்டாம்.

ஏற்கெனவே இருக்கும் விடிஐயை ஒரே அடியில் மாற்றிவிடலாம்:

க்யூஇஎம்யு-ஐஎம்ஜி கன்வர்ட் --ஆப்ஜெக்ட் சீக்ரெட்,ஐடி=சா0,ஃபைல்=சாவி.டிஎக்ஸ்டி -எஃப் விடிஐ -ஓ க்யூகவ்2 என்று போட்டு, அதற்கப்புறம் சின்ன ஓ-வுக்குக் கீழே என்க்ரிப்ட்.ஃபார்மட்=லக்ஸ்,என்க்ரிப்ட்.கீ-சீக்ரெட்=சா0, கடைசியில் பழைய ஃபைல் பெயர், புது ஃபைல் பெயர். முதல் ஓ பெரிய எழுத்து, இரண்டாவது சின்ன எழுத்து, இது மாறினால் திட்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நான் விழுந்து எழுந்தேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். சாவி ஃபைலை எக்கோ கமாண்டில் உருவாக்கினேன். 13 எழுத்துப் பாஸ்வேர்டு. டிஸ்க் பூட்டியாயிற்று. அப்புறம் விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் விர்ஷ் சீக்ரெட்-செட்-வேல்யூ போட்டு அதே பாஸ்வேர்டைக் கையால் கொடுத்தேன். திறக்கவில்லை. பத்து முறை அடித்தேன், கேப்ஸ் லாக்கைப் பார்த்தேன், கீபோர்டையே மாற்றினேன். பொழுது சாய்ந்து டீ குடிக்கப் போகும்போதுதான் ஏதோ தோன்றி அந்த ஃபைலில் டபிள்யூசி -சி (பைட்டுகளை எண்ணும் கமாண்டு) போட்டேன். 14 என்றது. ஒவ்வொரு பைட்டாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டியில் பார்த்தால் கடைசியில் 0ஏ உட்கார்ந்திருக்கிறது. எக்கோ தானாகச் சேர்க்கும் வரிமுடிவு. க்யூஇஎம்யு ஃபைலில் இருப்பதை அப்படியே, கடைசி பைட்டு வரைக்கும் பாஸ்வேர்டாக எடுத்துக்கொள்கிறது. என் நிஜமான பாஸ்வேர்டு 13 எழுத்தும் ஒரு என்டரும்! அதனால் எக்கோவில் -என் போடுங்கள், இல்லை பிரின்ட்எஃப் பயன்படுத்துங்கள். ஃபைல் உருவாக்கியதும் டபிள்யூசி போட்டு எண்ணிப் பாருங்கள்.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி | செவ்வாய் பகல் 1:30

காலேஜ் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இப்படிப் பூட்டினால் விஎம் மெதுவாகிவிடாதா? என் லேப்டாப் ஏற்கெனவே மாட்டு வண்டி.

காந்திபுரத்தான், கோவை | செவ்வாய் பகல் 2:05

ப்ராசஸரில் ஏஇஎஸ் (இந்தப் பூட்டு முறை) கமாண்டுகள் இருந்தால் பெரிதாகத் தெரியாது. க்ரெப் -எம்1 ஏஇஎஸ் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ என்று பாருங்கள், பதில் வந்தால் இருக்கிறது. கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க் என்றால் உங்கள் மெஷின் வினாடிக்கு எத்தனை எம்பி பூட்டித் திறக்கும் என்றே சொல்லிவிடும். ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தைவிட அது பல மடங்கு இருக்கும். வேறொரு நஷ்டம்தான் வலிக்கும். பூட்டிய டிஸ்க் ஃபைலை ஜிப் செய்தால் சுருங்காது. பேக்கப் டிஸ்க் பெரிதாக வாங்க வேண்டிவரும்.

தறிக்கட்டை, லைசென்ஸ் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, நான் அதை யோசிக்கவே இல்லை. ஆனால் ஐந்து விஎம்முக்கு ஐந்து சாவி எதற்கு? ஹோஸ்ட்டில் (விஎம்களைத் தாங்கும் நிஜ மெஷினில்) ஒரு பார்ட்டிஷனை லக்ஸ் போட்டுப் பூட்டி, எல்லா விஎம்மையும் அதற்குள் வைத்துவிட்டால் ஒரே சாவியோடு வேலை முடிந்தது. வீட்டுக்கு ஒரு பூட்டுப் போதும், ஒவ்வொரு அண்டாவுக்கும் பூட்டுப் போடுவார்களா?

தறிக்கட்டை, கரூர் | செவ்வாய் பகல் 2:40

அண்டா வீட்டை விட்டு பஸ் ஏறிப் போகிறதே அண்ணா, அதற்குத்தான். பூட்டிய பார்ட்டிஷனிலிருந்து யுஎஸ்பி டிஸ்க்குக்கு காப்பி செய்தால் போவது திறந்த ஃபைல்தான்.

காந்திபுரத்தான், கோவை | செவ்வாய் பகல் 2:44

சரி, ஒத்துக்கொள்கிறேன்.

டீச்சரம்மா, பெருந்துறை | செவ்வாய் மாலை 6:30

இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பூட்டு எதையும் காப்பாற்றாது. சாவி மெமரியில் இருக்கும். ஹோஸ்ட்டில் ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) வந்தவருக்கும், கெஸ்ட்டுக்குள் புகுந்த ரான்சம்வேருக்கும் எல்லாமே திறந்த வீடு. டிஸ்க் தொலைவது, திருட்டுப் போவது, பழைய மெஷின் காயலான் கடைக்குப் போவது, இவற்றுக்குத்தான் இது மருந்து. காயலான் கடை என்றதும் நினைவு வருகிறது: இன்று பூட்டினாலும், பூட்டுவதற்கு முன் இருந்த ஃபைலின் மிச்சம் எஸ்எஸ்டியின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கலாம். பழைய யுஎஸ்பி டிஸ்க்குகளையும் விற்காதீர்கள், சுத்தியலுக்கு வேலை கொடுங்கள்.

இரண்டாவது, கரண்ட் போய் வந்து சர்வர் தானாக எழுந்தால் பாஸ்வேர்டை யார் கொடுப்பது? இதற்குச் சோம்பல்பட்டு சாவி ஃபைலை அதே சர்வரில் வைத்து ஆட்டோஸ்டார்ட் செய்கிறார்கள். பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை நிலைப்படி மேலேயே வைக்கிற கதை. லிப்விர்ட்டில் சீக்ரெட் உருவாக்கும்போது எஃபெமரல்=எஸ், பிரைவேட்=எஸ் என்று கொடுங்கள். முன்னது டிஸ்க்கில் எழுதாமல் மெமரியில் மட்டும் வைக்கும், பின்னது திரும்பக் கேட்டாலும் காட்டாது. சர்வர் ரீபூட் ஆனால் மறுபடி கையால் கொடுக்க வேண்டியதுதான். அந்தத் தொந்தரவை ஏற்றுக்கொண்டால்தான் பூட்டுக்கு அர்த்தம்.

ஆடிட்டர் சும்மா கேட்கவில்லை என்று முதலாளியிடம் சொல்லுங்கள். 2023-ம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகளில் என்க்ரிப்ஷன் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். முதலாளிகளுக்குக் கோடி என்றால் சட்டென்று புரியும்.

நூல்கண்டு, திருப்பூர் | சனி இரவு 10:10

எல்லோர் பேச்சையும் கேட்டு கேவிஎம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஒரு சறுக்கல். செவ்வாய் இரவே ஆசை தாங்காமல், சில்லறை விஎம் ஒன்றில் காந்திபுரத்தான் அண்ணன் சொன்ன என்க்ரிப்ட்மீடியத்தைப் போட்டுப் பார்த்திருந்தேன். (பூட்டியதும் செட்டிங்ஸ் ஃபைலை மூன்று இடத்தில் காப்பி செய்து வைத்தேன்.) இன்றைக்கு அதை அப்படியே க்யூஇஎம்யு-ஐஎம்ஜி கன்வர்ட்டில் கொடுத்தேன். ஒரு எர்ரரும் இல்லை, சுத்தமாக முடிந்தது. புது விஎம்மில் மாட்டினால் பூட் செய்ய டிஸ்க்கே இல்லை என்கிறது. மறுபடி செய்தேன், அதே பதில். விடிஐ கெட்டுவிட்டதோ என்று விர்ச்சுவல்பாக்ஸில் போட்டால் நன்றாக ஓடுகிறது. எங்கே தப்பு?

தறிக்கட்டை, கரூர் | சனி இரவு 10:31

விடிஐயின் தலைப்பகுதி பூட்டப்படுவதில்லை, உள்ளே இருக்கும் பிளாக்குகள்தான் பூட்டப்படுகின்றன. க்யூஇஎம்யு தலைப்பைப் பார்த்து நல்ல விடிஐ என்று நம்பி, உள்ளே இருந்த குப்பையைக் குப்பையாகவே காப்பி செய்து, அதன் மேல் லக்ஸ் பூட்டும் போட்டிருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் பூட்டு அதற்குத் தெரியாது. முதலில் விர்ச்சுவல்பாக்ஸிலேயே ஓல்டுபாஸ்வேர்டு கொடுத்துத் திறந்துவிட்டு, வெறும் விடிஐயாக மாற்றிய பிறகு கன்வர்ட் செய்யுங்கள்.

விண்டோஸ் விஎம் என்றால் முதலில் டிஸ்க்கை சாட்டா பஸ்ஸில் மாட்டுங்கள். எடுத்த எடுப்பில் விர்ட்ஐஓ (விஎம்முக்கென்றே உள்ள டிஸ்க் இணைப்பு) கொடுத்தால் டிரைவர் இல்லாமல் நீலத் திரை வரும்.

மஞ்சள்மண்டி, ஈரோடு | சனி இரவு 10:50

பூட்டுவதும் திறப்பதும் காப்பியில் மட்டும், ஒரிஜினலில் வேண்டாம். என்க்ரிப்ட்மீடியம் அதே ஃபைலின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். பாதியில் கரண்ட் போனால் பாதி பூட்டியும் பாதி திறந்தும் நிற்கிற டிஸ்க்கோடு நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்தக் கிழமை கரண்ட் நிறுத்துகிறார்கள் என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நூல்கண்டு, திருப்பூர் | அடுத்த வியாழன் இரவு 9:15

முடிந்தது. ஐந்தும் மாறிவிட்டன. சம்பள விஎம் 80 ஜிபி, கன்வர்ட் ஆக முக்கால் மணி நேரம்.

திரும்பத் திறப்பதையும் செய்து பார்த்தேன். கோவை ஆபீசுக்கு யுஎஸ்பி டிஸ்க்கோடு நானே போய், அங்கே சம்பந்தமே இல்லாத ஒரு லேப்டாப்பில் க்யூஇஎம்யு மட்டும் போட்டு, க்யூஇஎம்யு-ஐஎம்ஜி கன்வர்ட்டில் --இமேஜ்-ஆப்ட்ஸ் கொடுத்து, டிரைவர்=க்யூகவ்2, என்க்ரிப்ட்.கீ-சீக்ரெட்=சா0, ஃபைல்.ஃபைல்நேம்= என்று பூட்டிய ஃபைலைக் காட்டி, வெறும் க்யூகவ்2-வாக எடுத்தேன். பூட் ஆனது. போன மாதச் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு அந்த வெறும் காப்பியை அங்கேயே அழித்தேன்.

லக்ஸில் 8 சாவி வரை வைக்கலாம் என்று படித்ததால் க்யூஇஎம்யு-ஐஎம்ஜி அமெண்ட் போட்டு இரண்டாவது சாவி ஒன்று சேர்த்தேன். க்யூஇஎம்யு 5.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தக் கமாண்டு வேலை செய்கிறது. அந்தப் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி, முதலாளியின் பீரோவில் வைத்தாயிற்று. நான் லீவில் போனாலும் கம்பெனி ஓட வேண்டுமே.

நேற்று அதற்கும் வேளை வந்துவிட்டது. கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டது. நான் அவிநாசியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை போனில் கூப்பிட்டு, "தம்பி, கவரைப் பிரிக்கட்டுமா?" என்றார். ஒவ்வொரு எழுத்தாக அவர் படிக்க, உள்ளே இருக்கும் பையன் அடிக்க, இரண்டு முறை தப்பு. மூன்றாவது முறை நான் கேட்டேன், "ஐயா, அது ஓவா, சைபரா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கண்ணாடி போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார்.

சைபர்தானாம். பந்தியில் ரசம் வருவதற்குள் விஎம் எழுந்துவிட்டது. இன்றைக்குக் காலையில் முதல் வேலையாக அந்தக் காகிதத்தைப் பெரிய எழுத்தில், ஓவும் சைபரும் இல்லாத பாஸ்வேர்டாக மாற்றி எழுதி வைத்துவிட்டேன். டிஸ்க்கில் இருக்கும் அந்த இரண்டாவது சாவியையும்தான்.